வேடர் நிலத்துக்கு விருந்தினராய்ச் செல்வோம்

கல்லூரி விழாவுக்கெனப் பழைய மாணவர் ஒன்றுகூடும்போது, விழா முடிந்த மறுநாள் எங்கே செல்வது என்ற பேச்சு எழுவது இயல்பு. கடல் கடந்த நாடுகளில் வாழும் நண்பர்கள் மனைவி மக்களுடன் வந்திருப்பர். ஊரிலிருப்போர் அவர்களுக்கு எதையேனும் காட்டி மகிழ விரும்புவர். மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் இப்பேச்சு பெரும்பாலும் பாசிக்குடாவிலேயே தொடங்கும். நெடுந்தூரம் உள்ளே நடந்து சென்றாலும் ஆழங் காட்டாத அக்குடாக்கடல் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஒருங்கே உவப்பானது. கடலாடி முடிந்தபின் இரண்டாம் நாளுக்கு என்ன செய்வது? "வேடரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவோமே" என்று யாரேனும் ஒருவர் சொல்லுவார். வண்டி பேசப்படும், உணவுப்பொதி கட்டப்படும், பயணம் புறப்படும்.

இப்பயணம் வேண்டாம் என்பது எமது கருத்தன்று. வேண்டும் என்பதே எமது கருத்து. ஆயினும், அதனைத் திட்டமிடும் முறை மாறவேண்டும் என்பதை இம்மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம். விடுமுறைப் பயணம் ஒன்றைத் திட்டமிடுவோர் வண்டி எது, விடுதி எது, செலவு எவ்வளவு என்னும் மூன்று வினாக்களை முதலில் எழுப்புவர். "அந்நிலம் யாருடையது?" என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலர். அவ்வினாவே முதலில் நிற்றல் வேண்டும்.

தமிழ் கற்றோர்க்கு இது புதிய செய்தியாதல் கூடாது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐவகை நிலங்களை வகுத்த எம் முன்னோர், எந்நிலத்தையும் வெறும் மண்ணாகவும் மரமாகவும் மட்டும் காட்டினாரல்லர். ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய தெய்வம், உணவு, பறை, தொழில், மக்கள் என்பவற்றைக் கருப்பொருள் என்று பெயரிட்டு உடன்வைத்தனர். மக்களை நீக்கிவிட்டு நிலத்தை மட்டும் கண்டு களிக்கும் காட்சி எமது இலக்கணத்தில் இல்லை. வறண்ட பாலையும் ஆளில்லா வெளியன்று. அதற்கும் எயினர் உரியர், கொற்றவை உரியள். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலை தோன்றும் என்று சிலப்பதிகாரம் கூறும். அவ்வாறு திரிந்த நிலத்தையும் ஒரு மக்களுக்கு உரியதாகவே கண்ட மரபு எம்முடையது.

இக்கருத்து நடைமுறைக்கு ஒவ்வாத பழம்பெருமை என்று எவரும் எண்ணவேண்டுவதில்லை. உலகின் மறுபுறத்தில், உண்மையான பாலை நிலமொன்றில், இது சட்டமாகவே வழங்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா, நியூமெக்சிக்கோ, யூற்றா ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடப்பது நவகோ மக்களின் நாடு. அவர்கள் தம்மைத் திநே என்று வழங்குவர். அவர்தம் நிலப்பரப்பு ஏறத்தாழ 71,000 சதுரக் கிலோமீற்றர். எமது இலங்கைத்தீவு முழுவதினும் பெரிது. செம்மணற்பாறைகள் கோபுரங்கள் போல வானளாவி நிற்கும் மொனியுமென்ற் பள்ளத்தாக்கு அந்நாட்டின் எல்லைக்குள் உள்ளது. 1939-ஆம் ஆண்டில் ஜோன் போர்ட் என்னும் நெறியாளர் தமது 'ஸ்ரேஜ்கோச்' படத்துக்கு அதனைப் பின்புலமாகக் கொண்டபின், உலகெங்கும் அப்பாறைகளை அறியாதார் இலர். ஆயின் பாறைகளை அறிந்தோர் அனைவரும் அவற்றுக்கு உரியோரை அறிந்தாரல்லர். திரையிலே அந்நிலம் குதிரைவீரர் கடந்து செல்வதற்கெனக் காத்துக்கிடக்கும் வெறுவெளியாகத் தோன்றிற்று. அம்மக்களோ 1864-ஆம் ஆண்டில் படைவலியால் தம் நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, நூற்றுக்கணக்கான மைல்கள் கால்நடையாக ஓட்டிச் செல்லப்பட்டுச் சிறைவாழ்வு வாழ்ந்து, 1868-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னரே தாய்நிலம் திரும்பியவர்கள்.

அவர்கள் பின்னர் செய்தது எம் சிந்தனைக்குரியது. 1958-ஆம் ஆண்டில் நவகோ மன்றம் அப்பள்ளத்தாக்கைத் தனது சொந்தப் பூங்காவாக நிறுவிற்று. உள்ளே வருவோர் நவகோ நாட்டுக்கே கட்டணம் செலுத்துகின்றனர். பதினேழு மைல் நீளமான வட்டப்பாதையில் தம் வண்டியில் செல்லலாம். அதற்கு அப்பால் நவகோ வழிகாட்டியின்றிச் செல்லலாகாது. அன்ரிலோப் என்னும் புகழ்பெற்ற பாறைப்பிளவினுள் வழிகாட்டியின்றி நுழையவே முடியாது. 1997-ஆம் ஆண்டில், தொலைவிற் பெய்த மழையின் வெள்ளம் திடீரெனப் பாய்ந்து அப்பிளவிற் பதினொரு பயணிகள் உயிரிழந்தனர் என்பதை நினைவோர், நிலமறிந்தவனைத் துணைகொள்ளல் மரியாதை மட்டுமன்று, உயிர்க்காப்புமாகும் என்பதை உணர்வர். நவகோ நிலத்தில் மதுவுக்கு இடமில்லை. மக்களையும் அவர்தம் மனைகளையும் சடங்குகளையும் அனுமதியின்றிப் படம்பிடித்தல் தகாது. கோடையில் மணிக்கூட்டைக் கூட, சூழவுள்ள அரிசோனாவின் நேரத்துக்கன்றி அவர்தம் நேரத்துக்கே திருத்திக்கொள்ள வேண்டும். கொடிய தொற்றுநோய் பரவிய 2020-ஆம் ஆண்டில் அவர்கள் தம் பூங்காக்களை மூடினர். உலகத்துப் பயணிகள் காத்திருந்தனர். வீட்டுக்காரன் கதவைச் சாத்தினால் விருந்தினன் வெளியே நிற்பதே முறை.

இனி எமது நாட்டுக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து வேடரைக் காணச் செல்வோர் பெரும்பாலும் மகியங்கனைக்கு அணித்தான தம்பானைக்குச் செல்வர். அங்கே வாழ்வோர் தம்மை வன்னியலெத்தோ, அஃதாவது காட்டில் வாழ்வோர், என்று வழங்குவர். அவர்தம் முதுபெருந் தலைவராய் விளங்கிய ஊருவரிகே திஸ்ஸஹாமி 1998-ஆம் ஆண்டிற் காலமானார். அவர்தம் மைந்தர் வன்னில அத்தோ தலைமையை ஏற்றார். தம்பானைக்குச் செல்வோருட் பலர் தலைவரைக் கண்டு, வில்லம்பைக் கண்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புவர். அம்மக்கள் ஏன் அச்சிறு இடத்துள் அடங்கினர் என்று கேட்போர் அரியர்.

1983-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மாதுறு ஓயா தேசிய வனப்பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டது. மகாவலித் திட்டத்தின் நீர்ப்பிடி நிலங்களையும் வனவிலங்குகளையும் காத்தல் அதன் நோக்கம். நோக்கம் நன்றே. ஆயினும் அவ்வனம் அம்மக்கள் வேட்டையாடிய காடு, தேனெடுத்த காடு, முன்னோரை நினைந்து வழிபட்ட காடு. எல்லை வகுக்கப்பட்டதும் அவர்தம் அன்றாடத் தொழிலே குற்றமாயிற்று. பெரும்பாலான குடும்பங்கள் கெனானிகலை முதலிய குடியேற்றங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. சிலரே தம்பானையை விட்டகல மறுத்தனர். வன்னில அத்தோ 1996-ஆம் ஆண்டில் ஜெனீவா சென்று, பூர்வகுடிகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பணிக்குழுவில் தம் மக்களின் முறையீட்டை வைத்தார். 2007-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை பூர்வகுடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை 144 நாடுகளின் ஆதரவோடு நிறைவேற்றிற்று. அன்று எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளுள் நவகோ மக்கள் வாழும் அமெரிக்காவும் ஒன்று. 2010-ஆம் ஆண்டிலேயே அது தன் நிலையை மாற்றிக்கொண்டது. நவகோ மக்கள் தம் நிலத்தின் வாயிலில் தாமே நின்று வருவோரை வரவேற்கின்றனர். எமது தீவின் வன்னியலெத்தோவோ தம் முன்னோர் காட்டின் வாயிலில் பிறர் அனுமதிக்குக் காத்து நிற்கின்றனர். இந்த வேறுபாட்டை அறியாமற் செய்யும் பயணம் எத்தகைய பயணம்?

தம்பானைக்குச் செல்லுமுன் அறியவேண்டிய மற்றொன்றும் உண்டு. வேடரைக் காண்பதற்கு மலையடிவாரம் வரை செல்லவேண்டும் என்ற எண்ணமே பிழையானது. பாசிக்குடாவிலிருந்து வடக்கே வாழைச்சேனை கடந்து திருகோணமலை வீதியிற் சென்றால் மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, பால்சேனை, கதிரவெளி என்னும் ஊர்கள் வரும். கடலுக்கும் களப்புக்கும் காட்டுக்கும் இடையிற் கிடக்கும் இக்கரையிலும், தெற்கே களுவன்கேணியிலும், தமிழ் பேசும் வேடர் வழிவழியாக வாழ்ந்து வருகின்றனர். மீன்பிடித்தல், சேனைப்பயிர், தேனெடுத்தல் என்பன அவர்தம் தொழில்கள். செலிக்மன் தம்பதியர் 1911-ஆம் ஆண்டில் வேடர் பற்றி வெளியிட்ட பெருநூலில் இக்கரையோர வேடருக்கெனத் தனி அத்தியாயமே வகுத்தனர். குமார தெய்வம் முதலிய தெய்வங்களுக்கு இம்மக்கள் ஆற்றும் சடங்குகள் இன்றும் நிகழ்கின்றன. ஆயினும் எம்முட் பலர் இவர்களை வேடர் என்று எண்ணுவதில்லை. இடுப்பில் இலையும் தோளில் கோடரியும் இல்லையாதலால், சாரமும் சட்டையும் அணிந்து தமிழ் பேசுகின்றாராதலால், இவர்கள் எமது கண்ணுக்குத் தோன்றுகின்றிலர்.

கணக்கெடுப்பும் இக்குறையையே காட்டும். குடிசன மதிப்பீட்டில் வேடர் எனப் பதியப்பட்டோர் 1911-இல் ஏறத்தாழ 5,300 பேர். 1946-இல் ஏறத்தாழ 2,400 பேர். 1953-இல் ஏறத்தாழ 800 பேர். ஏழே ஆண்டுகளில் மூன்றில் இருபங்கினர் மாண்டொழிந்தனர் என்று இதற்குப் பொருள் கொள்வார் யார்? மனிதர் மறைந்தாரல்லர், பெயர் மறைந்தது. மேற்கே வாழ்ந்தோர் சிங்களவர் என்றும் கிழக்கே வாழ்ந்தோர் தமிழர் என்றும் எழுதப்பட்டனர்; அவ்வாறு எழுதப்படுவதே மதிப்பு என்று அவருட் பலரும் நினைக்கும்படி நாம் நடந்துகொண்டோம். பாடசாலையில் வேடன் என்பது வசைச்சொல்லாய் ஒலித்தால், எந்தப் பிள்ளை தன் குலத்தை வெளிப்படச் சொல்லும்? 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2006, 2007-ஆம் ஆண்டுகளின் போரும் வாகரைப் பிரதேசத்தை நிலைகுலைத்தபோது, அவர்களும் எம்மவர் பிறரைப் போலவே வீடிழந்து இடம்பெயர்ந்தனர். துன்பத்திற் பங்காளராயினோர் பெருமையிலும் பங்காளராதல் வேண்டாமோ?

இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் பாசிக்குடாவே. பாசிக்குடா எமக்கு ஒருநாள் உல்லாசத்துக்குரிய இடம் மட்டுமன்று. எம்மவர் வாழும் ஊர். ஆழிப்பேரலை அக்கரையை அழித்தது. 2009-ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் குடாவைச் சூழப் பெரிய விடுதிகள் நிரையாக எழுந்தன. தொழில் சிலருக்குக் கிடைத்தது; அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் தோணி இழுத்து வைத்த இடமும், வலை உலர்த்திய மணலும், கடலுக்கு நடந்த பாதையும் சுருங்கிவிட்டன என்று அக்கரை மீனவர் முறையிட்டனர். உல்லாசப் பிரயாண விளம்பரங்களிற் காணும் பாசிக்குடாவில் நீலக்கடலும் வெண்மணலும் உண்டு. தோணியும் மீனவனும் இலர். எமது கரை ஆளில்லாக் கரையாகக் காட்டப்படுங்கால் எம் உள்ளம் வருந்துகின்றது. அவ்வாறு வருந்துவோர், மறுநாட் காலையில் வண்டியேறி, இன்னொரு மக்களின் காட்டை ஆளில்லாக் காடாகவும் அம்மக்களைக் காட்சிப்பொருளாகவும் கண்டு வருதல் எங்ஙனம் பொருந்தும்? கரையிலே விருந்தளிப்போராயும் காட்டிலே விருந்தினராயும் இருப்போர் நாமே. இரண்டிடத்தும் ஒரே நீதியே நிலவுதல் வேண்டும்.

இங்கே ஒரு மறுப்புரை எழலாம். "பயணிகள் செல்வதால் அம்மக்களுக்கு நாலு காசு வருகின்றது, தேன் விற்பனையாகின்றது, அவர்களே வில்லேந்திப் படத்துக்கு நிற்கின்றனர். அவர்களுக்கில்லாத கவலை உமக்கெதற்கு?" என்பர் சிலர். இதிற் பாதி உண்மையுண்டு. பயணிகளின் பணத்தை நவகோ மக்களும் வெறுத்தாரல்லர். தாமே வாயிலில் நின்று அதனைப் பெறுகின்றனர். பணம் தருவது இழிவன்று. எதைக் காட்டுவது, எதை மறைப்பது, எப்போது வருவது, எத்தனை பேர் வருவது என்பனவற்றை யார் முடிவுசெய்கின்றனர் என்பதே வினா. தன் வீட்டுக்கு வந்தவனுக்குத் தானே விரும்பி ஆடிக்காட்டுதல் கலை. ஆடினால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் ஆடுதல் கூலி. இவ்விரண்டையும் வேறுபிரித்தறியும் கண் படித்தவனுக்கு இல்லையாயின், படிப்பினால் வந்த பயன் யாது?

ஆகவே, வேடர் நிலத்துக்குப் பயணம் செல்ல எண்ணும் எம் பழைய மாணவர்க்கு ஒரு திட்டத்தை முன்வைக்கின்றோம்.

முதலாவது, பருவம். வடகீழ்ப் பருவமழை கார்த்திகை முதல் தை வரை கிழக்கில் வலுத்திருக்கும். பாசிக்குடாக் கடல் அமைதியாயிருப்பது சித்திரை முதல் புரட்டாதி வரையிலாம். பயணத்தை அக்காலத்தில் வைத்துக்கொள்ளல் நன்று. கோடையில் வடக்கேயுள்ள வாகரைப் பகுதியிற் கிணறுகளின் நீர் குறையுமாதலால், குடிநீரை நாமே கொண்டுசெல்லல் வேண்டும். விருந்தினன் வீட்டாரின் குடத்தை வெறுமையாக்கலாகாது.

இரண்டாவது, வழி. முதல்நாள் தம்பானையை நோக்காது வாகரையை நோக்கிச் செல்க. அண்டை வீட்டாரை அறியாதவன் அயலூராரை அறியப் புறப்படுதல் அழகன்று. வெருகலிற் சித்திர வேலாயுதரை வணங்குதலும் அதே நாளில் அமையும். அடுத்தநாள் செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மகாஓயாவின் வெந்நீர்க் கிணறுகளைக் கண்டு, பதியத்தலாவையில் மகியங்கனை வீதிக்குத் திரும்பினால் தம்பானையை அடையலாம்.

மூன்றாவது, அனுமதி. இரண்டு கிழமைக்கு முன்னரே ஊர்ப் பெரியோருக்கும், அப்பகுதிப் பாடசாலை அதிபருக்கும் சொல்லியனுப்பி, வரலாமா என்று கேட்க. கேட்பது ஒப்புக்காக அன்று. 'இப்போது வேண்டாம்' என்று மறுமொழி வந்தால் பயணத்தை ஒத்திவைக்கும் மனத்தோடு கேட்க. சடங்கு நிகழும் நாளில் அழைப்பின்றிச் செல்லற்க. வழிகாட்டியாக அவ்வூர் இளைஞன் ஒருவனையே அமர்த்தி, அவனுக்கு நியாயமான ஊதியம் தருக.

நான்காவது, நடத்தை. தம்பானையில் இருகைகளாலும் எதிரே நிற்பவரின் முன்கைகளைப் பற்றி வணங்குதல் வழக்கம், அவ்வாறே வணங்குக. கைத்தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு முதலிற் பேசுக. பின்னர் படமெடுக்கலாமா என்று கேட்க. குழந்தைகளுக்கு இனிப்பை வீசி எறிதல், ஆடச்சொல்லிக் கேட்டல், மதுப்புட்டி கொண்டுசெல்லல் ஆகிய மூன்றும் அறவே தகாதன. தேனோ கைவினைப்பொருளோ வாங்கினால் விலை பேசிக் குறைக்கவேண்டா. விடுதியில் ஒரு கோப்பைக் கோப்பிக்குக் கேட்ட விலையைக் கொடுப்பவர் அங்கே பேரம் பேசுதல் நகைப்புக்கிடமாகும்.

ஐந்தாவதும் இறுதியுமானது, கைம்மாறு. ஒருநாள் பயணத்தோடு உறவு முடிந்துவிடலாகாது. வாகரைப் பகுதிப் பிள்ளைகளின் கல்விக்கு எமது பழைய மாணவர் சங்கம் எவ்வாறு துணைநிற்கலாம் என்பதை அவ்வூராரிடமே கேட்டறிந்து, இவ்விழா ஆண்டிலேயே ஒரு தொடக்கம் செய்யவேண்டும். அவர்தம் வழக்காறுகளையும் பாடல்களையும் சொற்களையும், அவர்கள் இசைவோடும் அவர்கள் பெயரோடும், எமது மாணவர் ஏட்டிற் பதிந்து வைத்தல் மற்றொரு நற்பணி. பெயர் மறைந்த மக்களுக்குப் பெயரை மீட்டுக்கொடுத்தல் ஒரு கல்லூரியால் ஆகக்கூடிய காரியமே.

இந்துக் கல்லூரியிற் பயின்ற எமக்கு இவையெல்லாம் வெளியிலிருந்து வந்த போதனைகள் அல்ல. நாம் நாடோறும் வணங்கும் முருகன் மணந்த வள்ளி, வேடர் குடியில் வளர்ந்தவள். தம் கண்ணையே இறைவனுக்கு அப்பிய கண்ணப்ப நாயனார் வேடர் தலைவனின் மைந்தர். அவரை அறுபத்துமூவருள் ஒருவராகக் கோயிலில் நிறுத்தி வணங்குகின்றோம். கம்பர் காட்டும் குகன், கங்கைக்கரையின் வேடர் தலைவன், இராமனுக்குத் தேனும் மீனும் கொணர்ந்து வைத்தான். அரசகுமாரன் அவற்றை இகழ்ந்தானல்லன். அன்பினாற் கொணர்ந்தமையால் அவை தூயன என ஏற்று, அவனைத் தன் உடன்பிறந்தானாகவே கொண்டான். குகன் விருந்தளித்தான், இராமன் விருந்தினனாக நின்றான். பிறர் நிலத்தை மிதிப்பவன் எவ்வாறு நடக்கவேண்டும் என்பதற்கு இதனின் மேலான பாடம் வேறொன்றில்லை. தேனும் மீனும் இன்றும் வாகரைக் கரையில் உள்ளன. அவற்றை ஏற்கத் தக்கவராய்ச் செல்லும் தகுதியை நாம் தேடிக்கொள்ளல் வேண்டும்.

கல்லூரியன்னையின் மக்கள் இவ்வாண்டு விடுமுறைக்குச் செல்லுமிடமெங்கும், அவ்விடத்துக்கு உரியோரை முதலில் நினைந்து, அவர்தம் இசைவு பெற்று, விருந்தினராய்ச் சென்று, உறவினராய்த் திரும்புவாராக!